ஒப்பீட்டுக் குழு, பதினேழாம் குப்பி

பில்சன் நகரில் பியரைப் பேசாத நாளில்லை.
எங்கள் ஆய்வகத்தில் மட்டும் அதற்குத் தடை.
வரிசையாய் நிற்கும் மஞ்சள் குப்பிகளைப் பார்த்து
வேலைக்குப் புதிதாய் வந்த எல்லோரும்
முதல் வாரம் ஒரு நகைச்சுவை சொல்வார்கள்.
இரண்டாம் வாரம் சொல்வதில்லை.

ஏழரைக்கு உறைபெட்டியைத் திறக்கிறேன்.
பூஜ்யத்துக்கு எண்பது டிகிரி கீழே.
ரத்பூசா ஆற்றின் மேல் கிடக்கும் பனியெல்லாம்
இதன் முன்னால் வெந்நீர்.

ஒவ்வொருவரிடமும் இரண்டு வாங்குகிறோம்.
ரத்தம் தரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.
மற்றதைக் காகிதத் துவாலையில் சுற்றி
எங்கோ திருடியதைப் போலக் கொண்டுவருகிறார்கள்.

ரத்தம் ஊர்சுற்றி.
எல்லா உறுப்பின் வதந்தியும் அதில் உண்டு,
யார் சொன்னது என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும்.
சிறுநீர் அப்படியல்ல.
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டுவிட்டு
நேரே ஓடிவரும் பிள்ளை,
கேட்டதைக் கேட்டபடி ஒப்பிக்கும்
(என்று நம்புகிறோம்.
அதை நிரூபிக்கத்தான் இத்தனை குப்பிகள்).

ஓட்டகர், நான்காம் தட டிராம் ஓட்டுநர்.
பித்தப்பையில் கல் என்று ஸ்கேனுக்குப் போனார்.
கல் இல்லை.
இடது சிறுநீரகத்தில்,
வலிக்காமல், வாய் திறக்காமல்,
ஐந்தரை சென்டிமீட்டரில் ஒன்று குடியிருந்தது.
அறுவைக்கு முன் அவர் குப்பியில் அந்தப் புரதம் கரைபுரண்டது.
ஒரு மாதம் கழித்து
காலி செய்த வீட்டின் மின்கட்டணம் போல விழுந்தது.
அன்று நாங்கள் கைதட்டினோம், கையுறையோடு.

அவருடைய எண்ணுக்கு எதிரே வைக்க
அதே வயதில், நோயில்லாத ஒருவர் வேண்டும்.
ஹெட்விகா, அவர் மனைவி, கசகசா பன் பொட்டலத்தோடு
காத்திருப்பு அறையிலிருந்து எழுந்தாள்:
"என் கணக்கிலும் ஒரு குப்பி போடு.
மனிதர் தனியாக எங்கே போயிருக்கிறார்!"

இன்று தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகிறது.
ஒப்பீட்டுக் குழுவின் வரிசை
வெளிறிக் கிடக்க வேண்டும்.
கிடக்கிறது.
பதினேழைத் தவிர.

பிப்பெட் பிழை என்றேன். மறுபடி செய்தேன்.
தட்டின் பிழை என்றேன். வேறு தட்டு.
குறைவாகத் தண்ணீர் குடித்திருப்பாள் என்று
கிரியாட்டினினால் வகுத்துப் பார்த்தேன்.
மூன்று முறையும் அதே மஞ்சள்,
சொன்ன சொல்லை மாற்றாத மஞ்சள்.

ஒப்புதல் படிவம், ஒன்பதாம் பத்தி:
முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா.
கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்து.
டாக்டர் ப்ரோகோப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"இந்தக் குறி நிஜமா என்றே நமக்குத் தெரியாது.
தெரியாததைக் காட்டி ஒரு பெண்ணை நடுங்கவைக்கலாமா?"
அவர் சொன்னது சரி.
அதுதான் என் தொல்லை.
தவறாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இரவு டிராமில் போனேன். நான்காம் தடம்.
ஓட்டுநர் வேறொருவர்.
நாற்பது பேர் இருந்தார்கள்,
கனத்த கோட்டுகளுக்குள் எண்பது சிறுநீரகங்கள்,
ஒன்றும் பேசவில்லை.

வியாழக்கிழமை ஓட்டகருக்கு மூன்றாம் மாதச் சோதனை.
அவளும் வந்தாள், பனி படிந்த தொப்பியோடு.
நான் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்
ஒன்றுகூட நேரத்துக்கு வரவில்லை.
அவர் கழிவறைக்குப் போனதும்
இன்னொரு காலிக் குப்பியை அவளிடம் நீட்டினேன்.

"எனக்குமா? இன்னொரு முறையா?"
சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னொரு முறை. பிறகு,
மூன்றாம் மாடியில் ஸ்கேன் அறை இன்று காலியாக இருக்கிறது."

இது ஒன்பதாம் பத்தியை மீறுகிறதா,
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
பன் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த விரல்கள்
பாதியில் நின்றன.